டாக்டரிடம் சொன்னது யார் யாருக்குத் தெரியலாம்? – வாசகர் கேள்வி பதில்

டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னது, ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, ஆஸ்பத்திரிக் கோப்பில் எழுதியது, இவையெல்லாம் யார் கைக்குப் போகலாம், நாம் கேட்டால் எதைக் கொடுத்தாக வேண்டும் என்று கேட்டு வட சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். விஷயமே அந்தரங்கம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை. பகுதியை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு ஒரு நர்சிங் ஹோமில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்தும் வலி நிற்கவில்லை. வேறு டாக்டரிடம் காட்டினோம். “உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டும், கேஸ் ஷீட்டை வாங்கி வாருங்கள்” என்றார். பழைய இடத்தில் கேட்டால், “டிஸ்சார்ஜ் சம்மரிதான் தருவோம், கேஸ் ஷீட் ஆஸ்பத்திரி சொத்து” என்கிறார்கள். அப்படியா? – வாசகி, ராயபுரம்

பதில்: மூலக் கோப்பு ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும், அதுவரை அவர்கள் சொல்வது சரி. நகல் உங்கள் அம்மாவுக்கு உரியது, அதை மறுக்க அவர்களுக்கு வழியில்லை. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். தவறினால் அது தொழில் நெறி மீறல். 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்து அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால், 2002 விதிகளே நடப்பில் இருக்கின்றன.

இங்கே காரியம் கெடுவது பெரும்பாலும் கேட்கும் விதத்தில்தான். கவுன்டரில் நின்று வாயால் கேட்டால் 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்குச் சாட்சி இல்லை. எழுதிக் கொடுங்கள். கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும்; அவரால் போக முடியாவிட்டால், “என் மகள் இன்னார் பெற்றுக்கொள்ள அனுமதிக்கிறேன்” என்று ஒரு வரி சேர்த்து, இருவரின் அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். கடிதத்தில் ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), சேர்ந்த தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி மூன்றும் வேண்டும்.

அடுத்தது, என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்பது. ‘எல்லா ரெக்கார்டும்’ என்று எழுதினால் மறுபடி அதே டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டுவார்கள். உங்கள் விஷயத்தில் முதலில் எழுத வேண்டியது ஆபரேஷன் குறிப்பு. புதிய டாக்டர் தேடுவது அதைத்தான்: துளை போட்டுச் செய்தார்களா, வயிற்றைத் திறந்தார்களா, கல் ஏதும் குழாயில் மிஞ்சியதா, டிரெயின் டியூப் வைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு மயக்க மருந்துக் குறிப்பு, டாக்டர்கள் தினமும் எழுதியது, நர்ஸ்கள் குறித்த காய்ச்சல், பி.பி., மருந்து அட்டவணை, நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம், எல்லா லேப் ரிப்போர்ட்டுகள், எடுத்த பித்தப்பையைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் படமும் சி.டி.யும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதி, நேரம், முத்திரை, கையெழுத்து வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே ஒப்புகையுடன் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைக் கடிதத்தின் நகலோடு சேர்த்துப் பின் போடுங்கள். நகல் எடுக்கும் செலவைக் கேட்பார்கள். நியாயமான தொகை என்றால் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். பில் பாக்கி இருக்கிறது என்பதற்காக ஆவணத்தைப் பிடித்துவைக்க விதிகளில் இடமில்லை.

கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணாமல் ‘அனைத்தும் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். ‘மொத்தம் 46 பக்கம் பெற்றுக்கொண்டேன்’ என்பதுபோல எண்ணை எழுதுங்கள். கேட்ட பட்டியலில் எது இல்லையோ அதையும் அங்கேயே குறியுங்கள். இ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வழவழப்புத் தாள். சில மாதத்தில் மங்கிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் மங்கும். அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

72 மணி நேரம் கடந்தும் வரவில்லையா? அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். கவுன்சிலின் அதிகாரம் டாக்டர் மீதுதான், கட்டடத்தின் மீது இல்லை. எனவே புகாரில் ஆஸ்பத்திரிப் பெயரோடு நிறுத்தாமல், அம்மாவுக்குச் சிகிச்சை செய்த டாக்டரின் பெயரையும், தெரிந்தால் பதிவு எண்ணையும் எழுத வேண்டும். பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்கும். இன்னொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வலி தாங்கிக்கொண்டு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விடுகிறவர்கள்தான் அதிகம். ஆணையத்தின் காலக்கெடு முடிந்து, கோப்பை வைத்திருக்க வேண்டிய 3 ஆண்டும் முடிந்த பிறகு எங்களுக்கு எழுதி ஒன்றும் ஆவதில்லை.

கேள்வி: எங்கள் தெரு கிளினிக் பத்துக்குப் பத்து அறை. டாக்டர் மேஜைக்கு முன்னால் எப்போதும் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். கம்பவுண்டர் வாசலில் நின்று, “அந்த மூலம் ஆபரேஷன் கேஸ், உள்ளே வாங்க” என்று கூப்பிடுகிறார். எனக்கு மாதவிடாய்ப் பிரச்னை. எப்படிச் சொல்வது? – வாசகி, கொடுங்கையூர்

பதில்: தயங்காமல், “டாக்டர், தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, இவங்க கொஞ்சம் வெளியே இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். அவர் மறுத்தால் அது அவர் குறை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் ரகசியமும் தனிமையும் உரிமைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆண் டாக்டர் பெண்ணை உடல் பரிசோதனை செய்யும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்தப் பெண் நர்ஸாக இருக்கலாம், உங்கள் அக்காவாக இருக்கலாம். அடுத்த டோக்கனுக்குக் காத்திருக்கும் அம்மாவாக இருக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் வாய் வராது என்றால், ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டர் கையில் கொடுங்கள்: எத்தனை நாளாக, எவ்வளவு, கடைசியாக வந்த தேதி, இப்போது சாப்பிடும் மாத்திரை. படித்துவிட்டு அவரே மற்றவர்களை வெளியே அனுப்புவார்.

இதைப் படிக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இடம் சிறியது என்பது உண்மைதான். ஆனால் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட இடம் தேவையில்லை. மேஜையில் திறந்து கிடக்கும் பெரிய நோட்டில் பெயர், வயது, நோய், கட்டணம் என்று வரிசையாக இருக்கிறது. அடுத்து வருகிறவர் தன் பெயரை எழுதும்போது முந்தின பத்துப் பேரின் கதையைப் படிக்கிறார். முன்மேஜை நோட்டில் பெயரும் டோக்கனும் போதும், நோய் விவரம் உள் அறை நோட்டில் இருக்கட்டும். நோயாளி நாற்காலியைக் கதவுப் பக்கம் போடாமல் உள்சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு திரை தொங்கவிட்டால் பாதிப் பேச்சு வெளியே கேட்காது. உள்ளே ஃபேன் ஓடுகிறது என்று டாக்டர் உரக்கப் பேசுவதை நிறுத்தினால் மீதியும் கேட்காது. ஆலோசனை அறைக்குள் சி.சி.டி.வி. வைத்திருந்தால், தயவுசெய்து அதைக் காத்திருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: லேபில் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் என் மாமியார் போனுக்கு வாட்ஸ்அப்பில் போய்விட்டது. அதில் குழந்தையின்மைக்கான ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் இருக்கிறது. வீட்டில் பெரிய சண்டை. – வாசகி, பெரம்பூர்

பதில்: படிக்கும்போதே மனம் கஷ்டப்படுகிறது. இது தற்செயலாக நடப்பதும் இல்லை. பல லேப் மென்பொருள்களில் ஒரு செல்போன் நம்பருக்குக் கீழே குடும்பம் முழுவதையும் பதிவார்கள். மாமியார் முன்பு சுகர் டெஸ்டுக்கு வந்தபோது கொடுத்த நம்பரின் கீழ் உங்கள் பெயரும் சேர்ந்திருக்கும். முன்மேஜைப் பெண் அவசரத்தில் உங்கள் பெயரை அமுக்கினால் நம்பர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பில்லை வாங்கி, அதில் அச்சான நம்பரைப் பாருங்கள். தவறென்றால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். இன்னும் பத்திரம் வேண்டுமானால், “வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், நானே நேரில் வாங்குவேன்” என்று பில்லின் இரண்டு பிரதியிலும் எழுதச் சொல்லுங்கள். பரிந்துரைத்த டாக்டர் பெயர் பில்லில் இருந்தால் ரிப்போர்ட்டின் ஒரு பிரதி அவருக்கும் போகலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தவறாகப் போனது தெரிந்த உடனே லேபுக்குச் சொல்லி, ‘எல்லோருக்கும் அழி’ கொடுக்கச் சொல்லலாம். இரண்டு நாள் சொச்சம் தாண்டிவிட்டால் வாட்ஸ்அப் அதை அனுமதிக்காது. அழித்தாலும், அந்தப் போனில் முன்பே இறங்கிவிட்ட கோப்பு அங்கேயே கிடக்கக்கூடும். உங்கள் போனிலும் ஒரு வேலை இருக்கிறது: வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தைத் திறந்து, வீட்டுக் கம்ப்யூட்டரோ வேறு போனோ அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

லேபுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தத் தேதி, எந்த நம்பருக்குப் போனது, நம்பரை எப்போது பிரிக்கப்போகிறீர்கள் என்று பதில் கேளுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; தரவை வைத்திருப்பவர்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி அமைத்திருக்கிறார்கள். அவை வந்ததும், தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றித் தெரிவிப்பதும், தவறான விவரத்தைத் திருத்துவதும் சட்டக் கடமையாகிவிடும். அதுவரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையத்துக்கு இன்றே போகலாம்.

கேள்வி: டி.பி. என்று தனியார் டாக்டர் சொன்னார். ஆதார், பேங்க் கணக்கு எல்லாம் வாங்கினார். ஒரு வாரத்தில் சுகாதாரப் பணியாளர் தெருவில் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இப்போது தெருவுக்கே தெரியும். டாக்டர் ரகசியத்தை வெளியே விட்டது சரியா? – வாசகர், வியாசர்பாடி

பதில்: டாக்டர் அரசுக்குத் தெரிவித்தது சரி, தெரிவிக்காமல் இருந்தால்தான் தப்பு. 2012 முதல் டி.பி. கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய், தனியார் டாக்டருக்கும் பொருந்தும். அரசின் நிக்‌ஷய் பதிவில் உங்களைச் சேர்த்ததால்தான் சத்துணவுக்கான மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். பேங்க் விவரம் அதற்காகத்தான். வீட்டுக்கு வருவதற்கும் காரணம் உண்டு: உடன் இருப்பவர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தெருவில் பெயர் சொல்லி விசாரித்ததுதான் சரியில்லை. அறிவிப்பு அரசுச் சுகாதாரத் துறைக்கு மட்டும். வீட்டுச் சொந்தக்காரருக்கோ, முதலாளிக்கோ, பக்கத்து வீட்டுக்கோ சொல்ல அந்த விதி யாருக்கும் அனுமதி தரவில்லை. நீங்கள் மருந்து வாங்கும் மையத்தில் மேற்பார்வையாளரைப் பார்த்து மூன்று விஷயம் சொல்லுங்கள்: வருவதற்கு முன் போன் செய்யட்டும், துறை பெயர் போட்ட வண்டியைத் தெருமுனையில் நிறுத்தட்டும், முடிந்தால் வீட்டுக்கு வராமல் நான் மையத்துக்கே குடும்பத்தோடு வருகிறேன். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வீட்டைத் தேட வேண்டாதபடி சரியான கதவு எண்ணும், மணி அடித்தால் எடுக்கும் போன் நம்பரும் கொடுத்துவையுங்கள். முகவரி தெளிவில்லாதபோதுதான் தெருவில் விசாரணை தொடங்குகிறது. மருந்தை மட்டும் எந்தக் கோபத்திலும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மணலியில் ஒரு கம்பெனியில் வேலை. பத்து நாள் லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தேன். எச்.ஆர். டாக்டருக்கே போன் போட்டு என்ன நோய் என்று கேட்டிருக்கிறார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கிறார்கள். – வாசகர், திருவொற்றியூர்

பதில்: சர்டிபிகேட் உண்மையானதா, இந்தக் கையெழுத்து உங்களுடையதா என்று மட்டும் டாக்டரிடம் கம்பெனி கேட்கலாம். அதற்கு மேல் உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் ஒன்றும் சொல்லக் கூடாது. கோர்ட் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்றுதான் மேலே சொன்ன 2002 விதிகளில் உள்ள விலக்குகள். எச்.ஆர். எதிலும் வரமாட்டார். ஒரு சிக்கல் என்னவென்றால், விதிகளில் தந்திருக்கும் லீவு சர்டிபிகேட் மாதிரியிலேயே ‘இன்ன நோயால் அவதிப்படுகிறார்’ என்று ஓர் இடம் உண்டு. அதில் என்ன எழுதப்போகிறார் என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ‘வயிற்றுக் கோளாறு’, ‘அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வு’ என்பதுபோல உண்மையாகவும் பொதுவாகவும் எழுத இடமிருக்கிறது. பொய்யான நோயை எழுதச் சொல்லாதீர்கள், அது இருவருக்கும் ஆபத்து.

எச்.ஐ.வி. டெஸ்ட் விஷயத்தில் சட்டம் ஐயத்துக்கு இடமில்லாமல் பேசுகிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேர அந்த டெஸ்டை நிபந்தனையாக்க அது தடை விதிக்கிறது. விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் டெஸ்ட் எடுப்பதையும், முடிவை வெளியிடுவதையும் அது தடுக்கிறது. ரத்தம் எடுக்கும் படிவத்தில் டெஸ்டுகளின் பெயர்கள் சுருக்கமாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் என்ன என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், புதிய பையன்களிடம்.

கேள்வி: வயது 23, திருமணமாகவில்லை. கருவைக் கலைக்க வேண்டிய நிலை. வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? – வாசகி, பெயரும் பகுதியும் வேண்டாம்

பதில்: 18 வயது முடிந்தவர் என்றால் உங்கள் ஒருவர் சம்மதம் போதும். அப்பா, அம்மா, துணைவர் யார் கையெழுத்தும் தேவையில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், எனவே நாள் கடத்தாமல் அனுமதி பெற்ற மையத்துக்கோ அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ போங்கள். கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். மையத்தின் சேர்க்கைப் பதிவேடு ரகசிய ஆவணம். உங்கள் பெயரையும் விவரத்தையும் சட்டப்படி அதிகாரம் இல்லாதவருக்கு டாக்டர் வெளிப்படுத்தினால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

விஷயம் வெளியே போவது பெரும்பாலும் வேறு வழியில். அப்பாவின் கம்பெனி இன்சூரன்சில் க்ளெய்ம் போட்டால் குறுஞ்செய்தி அப்பா போனுக்குப் போகும், போட வேண்டாம். உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். மறுபரிசோதனைக்கு வரச் சொல்ல வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கருக்கலைப்பு ஆலோசனைச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். பிறகு ரத்தப்போக்கு, காய்ச்சல் என்றால் அவை வேண்டும்.

இதே நிலையில் 18 நிறையாத பெண் இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தேவை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இதைத் தெரியாத டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள், எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கட்டாயமா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள மருந்துகளுக்கு (சில ஆன்டிபயாட்டிக், டி.பி. மருந்து, பழக்கமாகிவிடும் மருந்துகள்) டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு இவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைக்க வேண்டும். அதற்குச் சீட்டைப் பார்த்து எழுதினால் போதும். கடைப் பையனின் சொந்தப் போனில் படம் இருக்க எந்த அவசியமும் இல்லை. உங்கள் செல் நம்பரையும் அந்தப் பதிவேடு கேட்பதில்லை.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ‘ஆபா’ எண் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லாவிட்டால் பார்க்கமாட்டார்களா? – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பார்க்க வேண்டும். ஆபா என்பது மருத்துவ ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்க மத்திய அரசு தரும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்; விருப்பத்தின் பேரில் எடுப்பது. இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. வாசலில் உள்ள கியூ.ஆர். குறியைப் போனில் காட்டி டோக்கன் எடுத்தால் உங்கள் பெயர், வயது, முகவரி, போன் நம்பர் போன்ற அடிப்படை விவரம் போகும். வரிசை குறையும், வசதிதான். பழைய ரிப்போர்ட்டுகளை இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் உங்கள் போனுக்குத் தனியாகச் சம்மதக் கோரிக்கை வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையிலான ஆவணம், எத்தனை நாளுக்கு என்று அதில் குறைக்கலாம், பிறகு திரும்பப் பெறலாம். வெளியே மேஜை போட்டு, “ஓ.டி.பி. சொல்லுங்க, நானே போட்டுத் தர்றேன்” என்கிறவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா அரசு மருத்துவமனையில் இறந்தார். அவருடைய சிகிச்சை ஆவணம் கிடைக்குமா? – வாசகர், காசிமேடு

பதில்: முதலில் அந்த மருத்துவமனையின் மருத்துவ ஆவணப் பிரிவில் மனு கொடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை மூன்றின் நகலும் இணைக்க வேண்டும். தராமல் இழுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி, அதே மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘மூன்றாம் நபர் விவரம்’ என்று தள்ளிவிடுவது வழக்கமான காரணம். வாரிசுச் சான்றை முதல் மனுவிலேயே இணைப்பது அதற்காகத்தான். ஐ.பி. எண் நினைவில்லாவிட்டால் சேர்ந்த தேதி, வார்டு, அப்பாவின் வயது, சேர்க்கும்போது கொடுத்த முகவரி இவற்றை எழுதுங்கள். பதிவேட்டில் அதை வைத்தே தேடிவிடுவார்கள்.